சைக்கிள் வண்டியின் அதிர்வைத் தணிக்கும் எளிய வழிகள்

சங்கத்தில் நூல் வாங்கித் திரும்பும் நெசவாளருக்கும், விடியற்காலையில் தக்காளிக் கூடையைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் விவசாயிக்கும் சைக்கிள் வண்டி நெடுங்காலத் துணை. மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும், எண்ணெய்ச் செலவின்றி ஓடும் இவ்வண்டியைக் கைவிடாதவர் நம் அங்கத்தினருள் பலர் உளர். பள்ளிப் பிள்ளைக்கு அரசு அளித்த விலையில்லா மிதிவண்டி, பிள்ளையின் படிப்பு முடிந்தபின் தந்தையின் சுமைவண்டியாக மாறியிருப்பதையும் பல வீடுகளில் காணலாம்.

ஆயினும் இவ்வண்டிக்கு ஒரு குறை உண்டு. பாதை கரடுமுரடாயின், தன்மேல் உள்ள அனைத்தையும் அது உலுக்கிவிடும். சில மைல் தூரம் சென்று இறங்கியதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதைப் பலர் அறிவர். அறுந்த இழையை முடியவேண்டிய கைக்கு விரல்கள் ஐந்தும் சொன்னபடி கேட்கவேண்டுமன்றோ? கூடையில் கன்றிப்போன தக்காளிக்கோ சந்தையில் விலை இறங்கிவிடும். ஆதலின், அதிர்வைக் குறைப்பது சுகத்தை நாடும் செயல் மட்டுமன்று. கைத்திறனையும் வருவாயையும் காக்கும் செயலுமாகும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என எண்ணற்க. செலவே இல்லாத வழிகளும், பழைய ட்யூபையும் சாக்கையும் கொண்டு செய்துகொள்ளும் வழிகளும் உள்ளன. அவற்றின் காரணத்தை முதலிலும், செய்முறையைப் பின்னரும் காண்போம்.

1. அதிர்வு என்பது யாது?

சாலையின் மேடுபள்ளங்கள் சக்கரத்தை மேலும் கீழுமாகத் தள்ளுகின்றன. அந்த அசைவு முன் போர்க்கின் வழியாகக் கைக்கும், சட்டத்தின் வழியாக இருக்கைக்கும், கேரியரின் வழியாகச் சுமைக்கும் ஏறுகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 4 மீட்டருக்குச் சற்று மிகுதியாக நகரும். மேடுகள் 1 மீட்டருக்கு ஒன்றாக இருப்பின் நொடிக்கு நான்கு முறை தூக்கிப்போடும். பெயர்ந்த ஜல்லி 10 செண்டிமீட்டருக்கு ஒன்றாக இருப்பின் நொடிக்கு 40 முறைக்கு மேல் அதிரும். முன்னதைக் குலுக்கல் என்றும் பின்னதை நடுக்கம் என்றும் இப்பாடத்தில் கூறுவோம்.

இவ்விரண்டும் செய்யும் தீங்கு வெவ்வேறானது. ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் ஆட்டம் பெருகுகிறது. அதுபோல, அமர்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 வரையுள்ள குலுக்கலுக்கு மிகுதியாக இசைந்து ஆடுகிறது. முதுகும் இடுப்பும் நோவது இதனால்தான். விரைந்த நடுக்கமோ உடல் முழுவதும் பரவாமல் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் தங்கிவிடுகிறது. உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக, ஒரு நரம்பு தோலுக்கு அண்மையில் செல்கிறது. உடற்பாரமும் நடுக்கமும் ஒருசேர அதன்மேல் விழுவதால் அவ்விரு விரல்களும் மரத்துப்போகின்றன.

2. துணி செய்த உதவி

சைக்கிள் தோன்றிய 1860களில் அதன் மரச்சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை பூட்டியிருந்தனர். கல் பாவிய தெருக்களில் அது உலுக்கிய உலுக்கலைக் கண்டு, இங்கிலாந்து மக்கள் அதற்கு ‘எலும்பு உலுக்கி’ என்றே பெயரிட்டனர். பின்னர்க் கட்டி ரப்பர் வந்தது. குறை ஓரளவே தீர்ந்தது. காற்றடைத்த சக்கரத்திற்கு ராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தும், அது வழக்கத்தில் நிலைக்கவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக ரப்பர்க் குழாயில் காற்றடைத்து, அதனைத் துணியால் சுற்றிச் சக்கரத்தில் பொருத்தினார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அடுத்த ஆண்டே அந்நகரில் நடந்த சைக்கிள் பந்தயங்களில், வில்லியம் ஹ்யூம் என்பவர் காற்றடைத்த டயருடன் ஓட்டி வெற்றிபெற்றார். மெத்தென்ற சக்கரம் மெதுவாகவே ஓடும் என்ற எண்ணம் அன்றே பொய்த்தது. குலுங்குவதில் வீணாகும் உழைப்பு மிச்சப்படுவதால் வண்டி எளிதாக ஓடுகிறது.

நெசவாளர் கருதத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. டயரின் வலிமை ரப்பரில் இல்லை. அதனுள் மறைந்திருக்கும் இழைகளில் உள்ளது. தொடக்கத்தில் பாவும் ஊடையும் பின்னிய சாதாரணக் கித்தான் துணியையே டயருக்குள் வைத்தனர். டயர் தரையில் அழுந்தி மீளும்போதெல்லாம், மேலும் கீழுமாகப் பின்னிய அவ்விழைகள் ஒன்றையொன்று அராவித் தேய்ந்தன. 1890களில் பாமர் என்னும் அமெரிக்கர் இதற்கு மாற்றுக் கண்டார். இழைகளைப் பின்னாமல் ஒரே திசையில் அடுக்கி, அடுத்த அடுக்கைக் குறுக்குச் சாய்வில் வைத்து, இடையே ரப்பரை நிரப்பினார். அராவுதல் நின்றது, டயர் எளிதாக வளைந்து கொடுத்தது. இன்றைய டயர்களில் நைலான் இழை இம்முறையிலேயே சாய்வாக அமைந்துள்ளது. மெல்லிய இழைகள் நெருக்கமாக அமைந்த டயர் நன்கு வளையும். முரட்டு இழையும் தடித்த ரப்பரும் கொண்ட டயர் விறைத்து நிற்கும். நூலின் நெம்பரும் இழை நெருக்கமும் துணியின் மென்மையை மாற்றுவதைக் கையால் அறிந்தவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

3. அமிழ்வுக் கணக்கு

அதிர்வைத் தணிப்பது விறைப்பான பொருளன்று. இணங்கிக் கொடுக்கும் பொருளே. எவ்வளவு இணங்கவேண்டும் என்பதை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. சுமை ஏறியதும் ஸ்பிரிங்கோ ரப்பரோ எத்தனை செண்டிமீட்டர் அமிழ்கிறது என்று அளந்துகொள்க. அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், அப்பொருள் சுமையோடு நொடிக்கு எத்தனை முறை இயல்பாக ஆடும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும்.

கால் செண்டிமீட்டர் அமிழ்ந்தால்: நொடிக்கு 10 ஆட்டம்.
1 செண்டிமீட்டர் அமிழ்ந்தால்: நொடிக்கு 5 ஆட்டம்.
4 செண்டிமீட்டர் அமிழ்ந்தால்: நொடிக்கு இரண்டரை ஆட்டம்.

இவ்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகள் தணிந்தே சுமையைச் சேரும். அவ்வெண்ணை ஒட்டிய அதிர்வுகளோ தணிவதற்கு மாறாகப் பெருகும். மெல்லிய பஞ்சுத் துண்டு நடுக்கத்தைத் தணித்தும் குலுக்கலைத் தணிக்காததன் காரணம் இதுவே. இனி இக்கணக்கை வண்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் பொருத்துவோம்.

4. காற்று: செலவில்லாத மருந்து

நம்மில் பெரும்பாலோர் இரு சக்கரங்களிலும் கல்லைப்போல் காற்றடைத்துக்கொள்கிறோம். அல்லது பஞ்சர் ஆகும்வரை காற்றைப் பார்ப்பதேயில்லை. இரண்டும் தவறு.

டயர் தரையைத் தொடும் பரப்பு, அதன்மேல் உள்ள எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. பின்சக்கரத்தின்மேல் 65 கிலோ இருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டு அழுத்தமாயின் தரையில் படியும் பரப்பு சுமார் 23 சதுர செண்டிமீட்டர். 60 பவுண்டாயின் சுமார் 15 மட்டுமே. பரப்புச் சுருங்கச் சுருங்க ஒவ்வொரு கல்லும் நம்மைத் தூக்கிப்போடும்.

தக்க அளவை அளவுகோலாலேயே கண்டறியலாம். வழக்கமான சுமையோடு வண்டியில் அமர்ந்துகொள்க. வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ரிம்மின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று மற்றொருவர் அளக்கட்டும். ஆள் இறங்கிச் சுமையையும் இறக்கியபின் மீண்டும் அளக்கட்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே டயரின் அமிழ்வு. அது டயர் உயரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் இருப்பது நல்லது. ஒன்றரை அங்குல டயராயின் இது சுமார் 6 மில்லிமீட்டர். 3 அல்லது 4 மில்லிமீட்டரே அமிழ்ந்தால் காற்று மிகுதி. 9 அல்லது 10 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் காற்றுப் போதாது. கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே ட்யூப் நசுங்கிக் கிழியும். டயரின் பக்கச்சுவரும் வெடிக்கும். டயரின் பக்கத்தில் உச்ச அழுத்தம் அச்சிடப்பட்டிருப்பின் அதனை ஒருபோதும் மீறலாகாது.

ஈண்டு ஒன்றை மறவாதீர். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் வண்டியில் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தின்மீதே உள்ளது. கேரியரில் ஏற்றும் சுமையும் ஏறத்தாழ முழுவதும் அதன்மேலேயே விழும். ஆகவே முன்சக்கரத்திற்குப் பின்சக்கரத்தைவிடக் குறைந்த காற்றே தேவை. முன்சக்கரத்தைத் தனியே அளந்து, வேண்டாத காற்றைக் கழித்துவிட்டால் கையின் நடுக்கம் அன்றே குறையும். அதற்கு ஒரு காசும் செலவில்லை. அவ்வாறே, சுமை ஏற்றும் நாளுக்கும் வெறும் வண்டி ஓட்டும் நாளுக்கும் ஒரே காற்றுப் பொருந்தாது. ட்யூபில் காற்று மெல்ல மெல்லக் குறைவது இயல்பாதலால் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்க.

6 மில்லிமீட்டர் அமிழும் டயர், நமது கணக்கின்படி நொடிக்கு 9க்கு மேற்பட்ட நடுக்கத்தைத் தணிக்கும். பெரிய பள்ளத்தின் குலுக்கலை அது தணிக்காது. அதற்கு வேறு வழி காணவேண்டும்.

புதிய டயர் வாங்கும்போது, போர்க்கும் மட்கார்டும் இடங்கொடுக்குமாயின் சற்று அகன்ற டயரை வாங்குக. அதில் காற்று மிகுதி. அமிழ்வதற்கு இடமும் மிகுதி. ரிம்மின் அளவுக்கு அது பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேட்டறிந்து வாங்குவது நலம்.

5. தளர்ந்த உறுப்புகள்

ஸ்பிரிங்கைத் தேடுமுன் வண்டியைச் செப்பனிடவேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் போர்க்கின் தலைப்பகுதி ‘டக் டக்’ என்று ஒலிக்கிறதா என்று பார்க்க. ஒலித்தால் அங்குள்ள பால்ஸ் தேய்ந்திருக்கலாம், அல்லது மூடி தளர்ந்திருக்கலாம். சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுமாயின் கோனை இறுக்கவேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றும்போது ரிம் ஏறி இறங்கினால் கோட்டம் எடுக்கவேண்டும். ஏனெனில், வட்டம் கெட்ட சக்கரம் நல்ல சாலையையும் மேடுபள்ளமாக்கிவிடும். மட்கார்டு, கேரியர், செயின்கார்டு ஆகியவற்றின் திருகுகளையும் இறுக்கிக்கொள்க.

6. இருக்கையும் கைப்பிடியும்

பழைய வகைச் சுமைவண்டிகளில் தோல் இருக்கையின் அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தது. இன்றைய இலேசான வண்டிகள் பலவற்றில் பஞ்சு மட்டுமே உள்ளது. ஸ்பிரிங் உள்ள இருக்கையைத் தனியே வாங்கிப் பழைய கம்பத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். அமர்ந்தவுடன் 1 முதல் 2 செண்டிமீட்டர் அமிழும் இருக்கை நல்லது. அடிவரை சென்று முட்டுவதாயின் அந்த ஸ்பிரிங் உமது எடைக்குப் போதாது. இருக்கையின் உயரமும் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அவ்வுயரத்தில் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடிந்திருக்கும்.

எல்லா ஸ்பிரிங்கினும் சிறந்த ஸ்பிரிங் நம் கால்களே. பள்ளம் வருமுன் வேகத்தைக் குறைத்து, பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, இருக்கையிலிருந்து இரண்டு விரற்கடை எழுந்துகொள்க. முழங்காலும் முழங்கையும் தளர்ந்து மடிந்திருக்கட்டும். டயரும் இருக்கையும் தணிக்கமாட்டாத குலுக்கலை இது தணித்துவிடும்.

கைப்பிடியில் பழைய ட்யூபிலிருந்து வெட்டிய பட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பருத்தி நாடாவை இறுகச் சுற்றுக. நாடா வியர்வையை உறிஞ்சும். ரப்பர் நடுக்கத்தைத் தணிக்கும். சுற்று மிகவும் தடித்துவிட்டால் இறுக்கிப் பிடிக்க நேரும். பிடி இறுக இறுக நடுக்கம் கையில் மிகுதியாக ஏறும். மணிக்கட்டு மடியாமல் நேராக இருக்கவும், உள்ளங்கையில் பாரம் விழாதிருக்கவும், ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். தண்டில் கீறியுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியுமளவு உயர்த்துவது ஆபத்து. மரத்துப்போதல் இறங்கியபின்னும் நீங்காவிடில் மருத்துவரைக் காண்பதே முறை.

7. சுமையைக் காத்தல்

நூல் கட்டுக்கும் துணி மூட்டைக்கும் ஸ்பிரிங் வேண்டியதில்லை. ஆடாதவாறு தாழ்வாகவும் இறுகவும் கட்டினாற் போதும். தளர்வாகக் கட்டிய மூட்டை ஒவ்வொரு குலுக்கலிலும் எழும்பி விழுந்து, கேரியரையும் உடைக்கும், வண்டியையும் தடுமாறச் செய்யும்.

தக்காளிக் கூடையின் நிலை வேறு. அடியில் உள்ள பழம் பாரத்தால் நசுங்குகிறது. மேலே உள்ள பழமோ துள்ளித் துள்ளி ஒன்றோடொன்று மோதிக் கன்றுகிறது. இரண்டிற்கும் காவல் வேண்டும். அடியில் வைக்கோல் பரப்புக. பழங்களை ஆழமாக அடுக்காதீர். மேலே வைக்கோலையோ பழைய துணியையோ வைத்து, பழம் துள்ளாதவாறு மெல்ல அழுத்திக் கட்டுக. கூடை நிறையாமல் இடம்விட்டு ஏற்றுவதே பெருந்தீங்கு.

முட்டை போன்ற மெல்லிய சரக்கிற்கு ஒரு தொட்டில் செய்யலாம். கேரியரின்மேல் மூங்கிலாலோ மரச்சட்டத்தாலோ நாற்புறமும் உயர்ந்த சட்டம் ஒன்றைக் கட்டுக. பழைய ட்யூபை ஓர் அங்குல அகலப் பட்டைகளாக வெட்டி, கட்டில் கயிறு போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டுக. அதன்மேல் சாக்கு விரித்துக் கூடையை வைக்க. சரக்கு ஏறியதும் ரப்பர் 3 முதல் 4 செண்டிமீட்டர் அமிழவேண்டும். குறைவாக அமிழ்ந்தால் ஒரு பட்டையை நீக்குக. மிகுதியாக அமிழ்ந்தால் ஒன்றைச் சேர்க்க. 4 செண்டிமீட்டர் அமிழும் தொட்டில், நொடிக்கு மூன்றரைக்கு மேற்பட்ட குலுக்கலையும் தணிக்கும். அமிழ்ந்தபின்னும் அடியில் மேலும் 4 செண்டிமீட்டர் வெற்றிடம் இருத்தல் அவசியம். இல்லையேல் கூடை கேரியரில் முட்டிப் பயன் கெடும். கூடை பக்கவாட்டில் ஆடாதிருக்க நாற்புறமும் சிறிது தளர்வாகக் கயிறு கட்டுக. பத்துக் கிலோவுக்கு மேல் இம்முறையில் ஏற்றாதிருப்பது நலம். ரப்பர் வெயிலில் வெடிக்குமாதலின் மாதந்தோறும் பார்த்து மாற்றுக.

8. செய்யத்தகாதவை

போர்க்கை அறுத்து அதில் ஸ்பிரிங் வைத்துப் பற்றவைப்பதைச் சிலர் சிக்கனம் என்று கருதுவர். அது உயிருக்கே கேடு. பற்றவைத்த இடத்தில் இரும்பு நாளடைவில் களைத்து, முன்னறிவிப்பின்றி முறியும். மலிவான ஸ்பிரிங் போர்க்குகளிலும் கருத்து வேண்டும். ஆட்டத்தை அடக்கும் அமைப்பு இல்லாத ஸ்பிரிங், ஒரு பள்ளத்திற்குப் பல முறை எழும்பி விழும். வண்டியின் எடையையும் கூட்டும். அந்தப் பணத்தில் நல்ல டயர் இரண்டு வாங்குவது மேல்.

9. சோதித்து அறிக

மாற்றம் எதையும் கண்ணால் கண்டபின் நம்புவதே நன்று. இப்போதைய கைப்பேசிகளில் அசைவை அளக்கும் கருவி உள்ளேயே அமைந்துள்ளது. அதனைக் கோடாக வரைந்து காட்டும் இலவசச் செயலிகளும் உள்ளன. கைப்பேசியைத் துணியில் சுற்றிக் கேரியரில் இறுகக் கட்டி, ஒரே பாதையில், ஒரே வேகத்தில், மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே செய்தால் எது பயன் தந்தது என்று அறியவியலாது. கைப்பேசி இல்லாதவர், சந்தையில் இறக்கும்போது கன்றிய பழங்களை எண்ணிக் குறித்துவந்தாலும் போதும்.

காற்றை அளந்து அடிக்கும் பம்பு ஒன்றைத் தனியொருவர் வாங்குவது செலவாகத் தோன்றலாம். சங்கக் கட்டடத்தில் ஒன்றை வைத்தால், நூல் வாங்க வரும் ஒவ்வொருவரும் அங்கேயே காற்றைச் சரிபார்த்துச் செல்லலாம். அதனருகே ஓர் அளவுகோலையும் தொங்கவிட்டால் இப்பாடத்தின் பாதி நடைமுறைக்கு வந்துவிடும்.

காற்று முதலில், செப்பனிடுதல் அடுத்து, இருக்கையும் கைப்பிடியும் அதன்பின், தொட்டில் தேவைப்படுவோர்க்கு மட்டும். இந்த வரிசையில் செல்வோர் குறைந்த செலவில் நிறைந்த பயன் அடைவர்.

படிப்புக் குழுவிற்கான வினாக்கள்

1. உமது வண்டியின் முன்சக்கரமும் பின்சக்கரமும் தனித்தனியே எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கின்றன? அளந்து எழுதுக.

2. ஒரு தொட்டில் சுமையேறியதும் 2 செண்டிமீட்டர் அமிழ்கிறது. அது நொடிக்கு எத்தனை குலுக்கலுக்கு மேல் தணிக்கத் தொடங்கும்? (2இன் வர்க்கமூலத்தை 1.4 எனக் கொள்க.)

3. டயருக்குள் பாவும் ஊடையுமாகப் பின்னிய துணியைக் கைவிட்டதன் காரணம் யாது?

4. தக்காளிக் கூடையில் மேலடுக்குப் பழம் கன்றுவதும் கீழடுக்குப் பழம் நசுங்குவதும் ஏன்? இரண்டையும் தடுக்கும் வழி யாது?